பெயர் கேட்காத இரக்கம்: வாசகர் கேள்விகளும் போதகர் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டவர் நம்மிடம் காட்டிய இரக்கத்தை நாம் அடுத்தவரிடம் காட்ட வேண்டிவரும்போது அது எப்படி இருக்க வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையே ஐந்து கடிதங்களும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வெவ்வேறு இந்திய வீடுகளிலிருந்து கேட்கின்றன. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை நீக்கிவிட்டேன். கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதனால் மற்றப் பதில்களில் ஒன்றிரண்டு சுருங்கிப்போயிருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அன்பு, கிருபை, இரக்கம் என்ற மூன்று சொற்களையும் ஞாயிறுதோறும் ஆராதனையில் கேட்கிறோம். மூன்றும் ஒன்றுதானா? கத்தோலிக்கரான என் மைத்துனி கிருபை என்று சொல்வதே இல்லை, அருள் என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், மெரபேங்க்

பதில்: இருவர் சொல்வதும் சரியே. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த 1715-ஆம் ஆண்டுக்குப் பிறகு, ஒரே கிரேக்கச் சொல்லுக்குச் சீர்திருத்த சபையாரிடம் கிருபை என்றும் கத்தோலிக்கரிடம் அருள் என்றும் வழக்கு ஊன்றிவிட்டது. இதற்காக மைத்துனியோடு வழக்காட வேண்டாம்.

வேறுபாட்டை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். பெறுகிறவனுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாராமல் கொடுக்கப்படுவது கிருபை. துன்பப்படுகிறவனைக் கண்டு நமக்குள் ஏற்படும் அசைவு இரக்கம். நல்ல சமாரியனைப் பற்றி லூக்கா எழுதும்போது அவன் ‘மனதுருகி’னான் என்று நம் வேதாகமம் சொல்கிறது. அந்த இடத்திலுள்ள கிரேக்கச் சொல்லின் வேர் குடலைக் குறிப்பது. பெற்ற வயிறு பதறுகிறது என்று நம் தாய்மார் சொல்வார்களே, அதற்கு மிக நெருங்கிய சொல் அது. அந்த வசனத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆசாரியனும் லேவியனும் அடிபட்டவனைக் காணாமல் போகவில்லை, கண்டுதான் ‘பக்கமாய் விலகிப்போ’னார்கள். சமாரியன் ‘கண்டு, மனதுருகி, கிட்ட வந்து’ காயங்களைக் கட்டினான். காண்பது மூவருக்கும் பொது. கிட்ட வந்தவன் ஒருவனே. கீழே வரும் பதில்களில் நான் ‘கிட்ட வருதல்’ என்று எழுதும்போதெல்லாம் இந்த இடத்தை நினைத்தே எழுதுகிறேன்.

கேள்வி: என் இளைய மகனுக்கு இருபத்தாறு வயது. ஏழு ஆண்டுகளாக சுகர்ஸ் என்ற போதைப் பழக்கத்தில் இருக்கிறான். காலையில் ஐம்பது ரேண்ட் கொடுக்காவிட்டால் வீட்டிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். சமையலறைக் குழாயைக்கூடக் கழற்றி விற்றுவிட்டான். அவனைத் துரத்திவிடும்படி சொன்ன என் மகள், நான் மறுத்ததால் என்னோடு பேசி நான்கு மாதம் ஆகிறது. சபையில் உள்ளவர்களோ, ஏழெழுபதுதரம் மன்னிக்கும்படி இயேசு சொல்லவில்லையா என்கிறார்கள். கொடுப்பது அன்பா, மறுப்பது அன்பா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, ஏழெழுபதுதரம் என்ற வசனம் மன்னிப்பதைப் பற்றியது. ஐம்பது ரேண்ட் கொடுப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. உங்கள் மகனை நீங்கள் ஏற்கெனவே மன்னித்துவிட்டீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. எனவே மன்னிப்பை ஒரு பக்கமும் பணத்தை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் பார்ப்போம்.

சுகர்ஸ் என்பது ஹெராயினில் வேறு பொருள்களைக் கலந்த தூள். 2000-களின் நடுப்பகுதியில் நம் சாட்ஸ்வர்த்தில் பரவத் தொடங்கி இப்போது டர்பன் முழுவதும் கிடைக்கிறது. பழகிப்போன ஒருவன் காலையில் பணம் கேட்பது பெரும்பாலும் இன்பத்துக்காக இருக்காது. போதை இறங்கும்போது வரும் வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, வியர்வை, எலும்புக்குள் குடைவதுபோன்ற வலி ஆகியவற்றுக்குப் பயந்தே கேட்கிறான். அந்த வேதனை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஏறத்தாழ ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். நீங்கள் கொடுக்கும் ஐம்பது ரேண்ட் அந்த வாரத்தை ஒவ்வொரு நாளும் ஒரு நாள் தள்ளிவைக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளை துடிப்பதைப் பார்க்க முடியாத எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள்.

கெட்ட குமாரன் உவமையை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். அந்தத் தகப்பன் மகனுக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுத்தான். மகன் தூரதேசத்துக்குப் போய் அதை அழித்த பிறகு, இவன் ஆள் அனுப்பிப் பணம் கொடுத்ததாக லூக்கா எழுதவில்லை. பன்றித் தவிட்டுக்கு அவன் ஆசைப்பட்டபோது ‘ஒருவனும் அதை அவனுக்குக் கொடுக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறது. அந்த ஒருவனும் என்பதில் தகப்பனும் அடக்கம். ஆனால் மகன் ‘தூரத்தில் வரும்போதே’ தகப்பன் அவனைக் கண்டான் என்றால், அவன் எத்தனை நாள் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்! பணம் அனுப்பாத அதே மனிதன்தான் ஊர் பார்க்க ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மறுப்பதும் பாதையைப் பார்ப்பதும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று தெரியாது.

இனிச் செய்ய வேண்டியவை. பணத்தை நிறுத்துங்கள், சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். உங்கள் மேசையில் அவனுக்கு ஒரு தட்டு எப்போதும் இருக்கும் என்பதையும், உங்கள் கையிலிருந்து இனி ஒரு ரேண்டும் வராது என்பதையும், அவன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஓர் அறையில் பூட்டிவைத்துக் குணப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்து நாள் விலகியிருந்தவனின் உடல் பழைய அளவைத் தாங்காது. பதினொன்றாம் நாள் வெளியே போய் முன்புபோல் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். நான் நடத்திய அடக்க ஆராதனைகளில் இரண்டு இப்படிப்பட்டவை. மருத்துவமனையில் மெத்தடோன் போன்ற மருந்து கொடுத்து, மருத்துவரின் பார்வையில் படிப்படியாக இறக்குவதே பாதுகாப்பு. அவன் வர மறுத்து, தனக்கோ வீட்டாருக்கோ தீங்கு செய்கிற நிலை வந்துவிட்டால், போதைப்பொருள் தடுப்பு, சிகிச்சை பற்றிய 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. சமூகநலத் துறையின் பணியாளர் மூலமாகச் சத்தியப் பிரமாணம் கொடுத்தால், நீதிமன்றம் விசாரித்து அவனைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பலாம். பெற்ற பிள்ளையின்மேல் நீதிமன்றப் படி ஏறுவது உங்களுக்குக் கொடுமையாகத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

மகளை மறந்துவிடாதீர்கள். உவமையில் மூத்தவன் கோபம்கொண்டு வீட்டுக்குள் வர மனதில்லாமல் நின்றபோது, ‘தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்’. விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே அதை விட்டுவிட்டு வெளியே வந்தான். ஏழு ஆண்டுகளாக உங்கள் வீட்டில் எல்லாக் கண்ணீரும் ஒரு பிள்ளைக்கே போயிருக்கிறது. நல்ல பிள்ளையாக இருந்ததற்கு மகளுக்குக் கிடைத்தது என்ன? இந்த வாரமே அவள் வீட்டுக்குப் போங்கள். தம்பியைப் பற்றி எதுவும் பேசாமல், அவளுடைய வேலையைப் பற்றி, அவள் பிள்ளைகளைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: டர்பனில் எந்த ரோபோட்டில் (போக்குவரத்து விளக்கில்) வண்டியை நிறுத்தினாலும் யாராவது கையேந்துகிறார்கள். கொடுத்தால் போதைக்குப் போகிறது, கொடுக்காவிட்டால் மனச்சாட்சி குத்துகிறது. ‘உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு’ என்ற கட்டளையை ரோபோட்டில் எப்படிக் கைக்கொள்வது?
– ஒரு வாசகர், ரெசர்வோர் ஹில்ஸ்

பதில்: சமாரியன் இரண்டு பணத்தை அடிபட்டவன் கையில் கொடுக்கவில்லை, அவனைப் பராமரிக்கப்போகிற சத்திரக்காரன் கையில் கொடுத்தான். எனவே பணத்தைப் பசியாற்றும் இல்லத்துக்கோ, சிகிச்சைக்கு அனுப்பும் குழுவுக்கோ மாதாமாதம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, ரோபோட்டில் ரொட்டியோ பழமோ கொடுப்பது தவறாகாது. அதற்கும் வழியில்லாத நாளில் சில்லறை கொடுத்துவிட்டால், அவன் அதை என்ன செய்வான் என்ற கணக்கை வீடுவரை சுமந்துகொண்டு போக வேண்டாம்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எதிரே பார்க்கிற அந்த முகத்தைத்தான் நான் குறைவாக மதிக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அந்த முகத்தோடு ஓட்டியவன். நீங்கள் தினமும் போகும் வழியில் நிற்பவன் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ‘ங்குபானி இகாமா லாகோ?’ என்று ஸூலு மொழியில் ஒருமுறை அவன் பெயரைக் கேட்டுப் பாருங்கள். விளக்கு பச்சையாவதற்குள் அதற்கு நேரம் இருக்கிறது.

கேள்வி: நானும் என் கணவரும் ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றோம். மாமியார் இந்து, எங்களோடுதான் இருக்கிறார். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது நான் கூழைத் தொடுவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. சென்ற ஆண்டு ‘என் கையால் கொடுத்ததை இந்த வீட்டில் குடிக்க ஆளில்லை’ என்று அழுதார். கர்த்தருக்கு உண்மையாக இருந்துகொண்டு அவருக்கு அன்பு காட்டுவது எப்படி?
– ஒரு மருமகள், டொங்காட்

பதில்: மகளே, விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்ணலாமா என்ற கேள்வி கொரிந்து சபையையே பிளந்த கேள்வி. ‘அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்’ என்றுதான் பவுல் அதற்கான பதிலைத் தொடங்குகிறார். வீட்டு விருந்தில் வைக்கப்பட்டதை விசாரியாமல் உண்ணலாம் என்றும், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிட வேண்டும் என்றும் பின்னால் எழுதுகிறார். மாமியார் கொடுக்கும் கூழ் எது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. எனவே நீ குடியாமல் இருப்பதில் நான் குறை காணவில்லை. உன் சபையார் சிலர் இதைவிடக் கடுமையாகவும், வேறு சபையார் சிலர் இதைவிடத் தளர்வாகவும் சொல்லக்கூடும்.

ஆனால் மாமியார் அழுதது கூழுக்காகத்தான் என்று நான் நினைக்கவில்லை. நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தபோது கொண்டுவந்த பொருள்களில் அவர்கள் கைவிடாமல் வைத்திருந்தவை மிகக் கொஞ்சம். ஆடிக் கூழ் அவற்றில் ஒன்று. இஸிபிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய திருவிழா பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டி வருவது ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஈஸ்டரை ஒட்டித்தான் தோட்டக்காரர்கள் வேலையாள்களுக்கு விடுமுறை விட்டார்கள். கிடைத்த நாளைத் தங்கள் தெய்வத்துக்கு ஆக்கிக்கொண்ட மக்கள் அவர்கள். உன் மாமியார் உன் கையில் நீட்டிய கிண்ணத்தில் தம் தாயும் பாட்டியும் ஊற்றிய கூழ் இருந்தது. நீ மறுத்தபோது அவர்கள் அனைவரையும் மறுத்ததாக அவருக்குப் பட்டிருக்கும்.

இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் நாகமான் என்ற சீரியப் படைத்தலைவன் குஷ்டம் நீங்கி, இனி இஸ்ரவேலின் தேவனையே தொழுவேன் என்று பொருத்தனை செய்கிறான். உடனே அவனுக்கு ஒரு சங்கடம் நினைவுக்கு வருகிறது. அவனுடைய ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது இவன் ‘கைலாகு கொடுத்து’ உள்ளே கூட்டிப்போக வேண்டும், ராஜா பணியும்போது இவனும் குனிய வேண்டியிருக்கும். இதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். அவனைக் குணமாக்கிய தீர்க்கதரிசி எலிசா, பாகாலின் தீர்க்கதரிசிகளோடு மோதிய எலியாவின் சீடன். அப்படிப்பட்டவர் ஒரு பிரசங்கமும் செய்யாமல் ‘சமாதானத்தோடே போ’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். இந்தப் பகுதியை நம் மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை.

வயதான உன் மாமியாருக்கும் கைலாகு வேண்டியிருக்கும். கோயில் வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. உள்ளே போக உன் மனச்சாட்சி இடம் கொடாவிட்டால் வாசலில் காத்திருந்து திரும்பக் கூட்டிவா. கூழுக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவு, பெரிய பானைகளைத் துலக்கு, கூழ் வாங்க வரும் அக்கம்பக்கத்தாருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடு. கிண்ணத்தை நீட்டும்போது, ‘எனக்கு வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு உன் காரணத்தை ஒருமுறை மரியாதையோடு சொல். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் சொல்ல வேண்டியதில்லை. அவர் உன் விசுவாசத்துக்கு வருவாரா என்ற எதிர்பார்ப்பை இந்த வேலைகளுக்குள் ஒளித்துவைக்காதே. கூலி எதிர்பார்த்துச் செய்தால் அதை அவர் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் தெருமுனையில் தடுப்புப் போட்டு மூன்று இரவு காவல் நின்றவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் இரவு, கையில் இரண்டு பைகளோடு நடந்துவந்த ஒரு கறுப்பின மனிதரை எங்கள் ஆள்கள் நிறுத்தினார்கள். பைகளைப் பிடுங்கி அவரை அடித்தார்கள். நான் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அவர் எழுந்து தள்ளாடிப் போனதைப் பார்த்தேன். அதன் பிறகு என்ன ஆனார் என்று தெரியாது. எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வரும் பெண் ஃபீனிக்ஸை அடுத்த பம்பாயி பகுதியிலிருந்து வருகிறவர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பாஸ்டரிடம் சொன்னேன். ‘இயேசுவின் இரத்தம் எல்லாவற்றையும் கழுவிவிட்டது, இனி நினைக்க வேண்டாம்’ என்றார். நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கலாமா?
– பெயர் வேண்டாம், ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை என் மேசையில் வைத்துக்கொண்டு பலமுறை எழுதிக் கிழித்தேன். இதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

1949 ஜனவரி 13-ஆம் நாள் டர்பன் விக்டோரியா தெருவில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரம் இரண்டு மூன்று நாளில் கேட்டோ மேனர் பகுதி முழுவதும் பரவி எரிந்தது. அரசாங்கக் கணக்கின்படி இறந்தவர்கள் 142 பேர், அவர்களில் ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50. என் பாட்டி அப்போது கேட்டோ மேனரில் இருந்தாள். எங்கள் நிலத்தின் பின்பக்கத்தில் குடிசை போட்டு வாடகைக்கு இருந்த ஒரு ஸூலுப் பெண், பாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் தன் குடிசைக்குள் இரண்டு இரவு ஒளித்துவைத்தாள். கும்பல் வந்து கேட்டபோது வாசலில் நின்று, இங்கே யாரும் இல்லை என்று சொன்னாள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் என் தகப்பனார். இந்தக் கதையைப் பாட்டி எங்களுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் மாதம் எவ்வளவு வாடகை கொடுத்தாள் என்பது அவளுக்குக் கடைசிவரை நினைவில் இருந்தது. பெயர் என்ன என்று நான் கேட்டபோது, தெரியாது என்றாள். எத்தனையோ ஆண்டு ஒரே நிலத்தில் குடியிருந்தும் கேட்டதில்லை.

எனவே உங்கள் தெருமுனையில் நடந்ததை எங்கிருந்தோ வந்த அந்நியனின் பாவமாக என்னால் பார்க்க முடியவில்லை. அந்த ஜூலையில் கடைகள் சூறையாடப்பட்டதும், காவல்துறை கண்ணில் படாமல் போனதும், மக்கள் உண்மையாகவே பயந்ததும் எனக்குத் தெரியும். அந்தக் கலவரத்தில் நாடு முழுவதும் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர். காந்தி 1904-இல் குடியேற்றம் அமைத்த இடமும், உங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணின் பம்பாயியும் ஒன்றே என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்! பயம் உண்மையானது என்பதால், பைகளோடு நடந்து வந்த மனிதரைக் கிட்ட வந்து யார் என்று கேட்காமல் அடித்தது நியாயம் ஆகிவிடாது. உங்களுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் தூக்கம் வரவில்லை.

உங்கள் பாஸ்டர் சொன்னது வேதத்தில் இருக்கிறது, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன், ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவுகூர்ந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆண்டவர் சொன்னார். நினைவு வருவதை அவர் சாத்தானின் வேலை என்று சொல்லவில்லை, எழுந்து போவதற்கான அழைப்பாகவே சொன்னார். வரிவசூல்காரன் சகேயு வீட்டுக்கு இயேசு வந்தது கிருபை, அவனிடம் முன்கூட்டி எந்தக் கணக்கும் கேட்கவில்லை. வந்த பிறகு சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை ‘நாலத்தனையாக’த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். உங்களுக்குக் கிருபை கிடைத்துவிட்டது என்று நானும் நம்புகிறேன். நீங்கள் இன்னும் எழுந்து நிற்கவில்லை என்பதே உங்கள் வேதனை.

நம் நாட்டுக்கு இது புதிய பாடமும் அல்ல. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளைப் பற்றிப் பேராயர் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-இல் விசாரணை தொடங்கியபோது, பொதுமன்னிப்பு வேண்டியவர் மனம் வருந்த வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டும் என்று கேட்டது. விண்ணப்பித்த 7,112 பேரில் 849 பேருக்கே அது கிடைத்தது. மறுபக்கம், துன்பப்பட்டவர்களுக்கு 2003-இல் அரசு அறிவித்தது ஆளுக்கு 30,000 ரேண்ட், ஒரே தடவை. சொன்னவர் மன்னிக்கப்பட்டார், இழந்தவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார் என்ற கசப்பு இன்றும் ஆறவில்லை. உண்மையைச் சொல்வதும் இழப்பை ஈடுசெய்வதும் சேர்ந்து போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் வாழ்நாளிலேயே பார்த்துவிட்டோம்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் இப்போது மன்னிப்புக் கேட்காதீர்கள். அவர் உங்களிடம் கூலி வாங்குகிறவர். ‘மன்னிக்க மாட்டேன்’ என்று சொல்லும் சுதந்தரம் அவருக்கு உங்கள் சமையலறையில் இல்லை. சொல்ல முடியாத ஒருவரிடமிருந்து வாங்கும் மன்னிப்பு உங்களைத் தூங்கவைக்கலாம், அவர் தோளில் இன்னொரு சுமையை ஏற்றும். அடிபட்டவர் அவரல்ல. அவர் நிறத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக அவரை அந்த மனிதருக்குப் பதிலாக நிறுத்துவது, அந்த இரவில் நடந்த அதே தவறு.

அவருக்கு நீங்கள் செய்ய வேண்டியது வேறு. முழுப் பெயர் என்ன என்றாவது உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் ‘பெண்’ என்று மட்டுமே இருக்கிறது. கூலியைக் கணக்குப் பாருங்கள். வீட்டு வேலையாளுக்கும் மற்றத் தொழிலாளருக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி என்று 2022 மார்ச்சிலிருந்து சட்டம் ஆகிவிட்டது. வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கு அவரைப் பதிவு செய்து உங்கள் பங்கைக் கட்டுவதும் சட்டப்படியான கடமை. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் மாதம் பத்து ஷில்லிங்கில் தொடங்கினார்கள். ஒரு நாள் வராவிட்டால் முதலாளி இரண்டு நாள் கூலியை வெட்டினான். அந்தக் கணக்கை நாம் இன்றும் மறக்கவில்லை. பஸ் ஓடாத நாளில் வரமுடியாதவரின் கூலியை நம் வீடுகளில் எப்படிக் கணக்கிடுகிறோம் என்று நானே என் வீட்டில் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். பதில் எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது கடினமான பகுதி. நீங்கள் கண்டது ஒரு குற்றம். அந்த மனிதர் இறந்துபோயிருந்தால், எங்கோ ஒரு தாய் இன்னும் விவரம் தெரியாமல் இருக்கிறாள். உயிரோடு இருந்தால், தன்னைச் சூழ்ந்து நின்றவர்களில் ஒருவனாவது வாய் திறந்தானா என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். மனித உரிமை ஆணையம் அந்த நவம்பரில் விசாரணை தொடங்கி, 2024 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அங்கே போய்ச் சொல்லாத சாட்சிகள் நம் தெருக்களில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நீங்கள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் நேரே காவல்நிலையத்துக்குப் போகாதீர்கள். அடித்தவர்களோடு கூட நின்றவர் என்பதால் உங்கள்மீதும் வழக்கு வர இடம் உண்டு. முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லாவிட்டால் அரசின் சட்ட உதவி அலுவலகத்தில் இலவச ஆலோசனை கிடைக்கும். தெருக்காரர்களுக்கு இது துரோகமாகத் தோன்றும். உங்கள் வீட்டுச் சுவரில் ஏதாவது எழுதுவார்கள், கடையில் பேச்சை நிறுத்துவார்கள். மனைவி பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் மனத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் அந்த இரவை எழுதிவையுங்கள். எத்தனை மணி, விளக்கு எரிந்ததா, அந்த மனிதர் என்ன உடுத்தியிருந்தார், பைகளில் என்ன இருந்தது, அவர் ஏதாவது சொன்னாரா, எந்தப் பக்கம் நடந்து போனார் என்று நினைவில் உள்ள எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடித்தவர்களின் பெயர்களை எனக்கு அனுப்ப வேண்டாம், அவை வழக்கறிஞருக்கு உரியவை. போகும் நாளை மட்டும் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது, வண்டி ஓட்டுவதை மகன் நிறுத்திவிட்டான். ஆனாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன். உங்களோடு அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும்.